தேன் சீசனும் செமஸ்டரும் ஒன்றாக வந்தால்: கடன் வாங்கிப் பெட்டி சேர்க்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். தாத்தா விட்டுப்போன தேன் பெட்டிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது 30 பெட்டி. போன சீசனில் 240 கிலோ தேன் கிடைத்தது. 150 கிலோவை டின்னோடு வியாபாரிக்குக் கிலோ 180 ரூபாய்க்குக் கொடுத்தேன். 90 கிலோவை அரைக் கிலோ பாட்டிலில் அடைத்து, தெரிந்தவர்களுக்கும் வாட்ஸ்அப் மூலமாகவும் கிலோ 400 ரூபாய்க்கு விற்றேன். செலவு 23,000 போக 40,000 ரூபாய் லாபம். ஆனால் சீசனில் 16 நாள் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு பேப்பர் அரியர் விழுந்துவிட்டது. தொழிலை விடும் ஒருவர் தன்னுடைய 70 பெட்டியைத் தேனீக் கூட்டத்தோடும் தேன் எடுக்கும் மிஷினோடும் 3 லட்சத்துக்குத் தருகிறாராம். "முத்ரா கடன் எடு, கிடைக்காவிட்டால் அம்மாவின் நகையை வை, படிப்பைத் தபால் வழிக்கு மாற்றிக்கொள்" என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்? இன்னொன்று: பாட்டிலில் தேன் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருக்கிறாய் என்று நான்கைந்து பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பணத்தைக் கொடுக்க வேண்டுமா?

பதில்: கிலோ கணக்கும் விடுப்புக் கணக்கும் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என் வேலை பாதி குறைந்தது. லாபக் கணக்கில் மட்டும் இரண்டு வரி விட்டுப்போயிருக்கிறது.

விற்ற பணம் 63,000. அதில் 23,000 செலவு என்று மழைக்காலத்தில் தேனீக்குக் கொடுக்கும் சர்க்கரை, பாட்டில், அடை கட்ட வைக்கும் மெழுகுத் தாள், பஸ் கூலி எல்லாம் போட்டுவிட்டீர்கள். மழைக்காலத்தில் கூட்டம் ஓடிப்போன பெட்டிகளைக் கணக்கில் எடுத்தீர்களா? ஐந்தில் ஒன்று போவது புதிதல்ல. 30 பெட்டியில் 6 போனால், ஒரு கூட்டம் 1,500 ரூபாய் என்று வைத்தால்கூட 9,000. அப்புறம் அப்பா. ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும் காலம்தான் தேன் சீசன்; அப்போது பால் வெட்டு நிற்கும், அதனால் அவர் உங்களோடு பெட்டி பார்க்க வந்திருப்பார். வீட்டாள் என்று அவருக்குக் கூலி எழுதாமல் விட்டுவிட்டீர்கள். 100 பெட்டி ஆனால் வெளியாள் வைக்காமல் முடியாது, அவர் சும்மா வரமாட்டார். 12 நாள், நாளுக்கு 900 என்று போட்டால் 10,800. இரண்டையும் கழித்தால் உங்கள் கையில் நிற்பது 40,000 அல்ல, சுமார் 20,000. பெட்டிக்கு எழுநூறு ரூபாய்க்கும் குறைவு.

இப்போது மாமா சொல்லும் கடனை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்ப்போம். 3 லட்சம், 11 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 9,800 ரூபாய். வருடத்துக்கு 1,17,600. புதிதாக வரும் 70 பெட்டியும் உங்கள் பெட்டிகளைப்போல எட்டு எட்டுக் கிலோ கொடுத்தால் 560 கிலோ; அவ்வளவையும் பாட்டிலில் விற்க உங்களுக்கு ஆளில்லை, டின்னோடு 180 ரூபாய்க்குத்தான் போகும். 1,00,800 ரூபாய். சர்க்கரையும் வாங்காமல், ஒரு கூட்டமும் ஓடாமல் இருந்தால்கூடத் தவணைக்கு 17,000 குறைகிறது. அதுபோக, தேன் பணம் வருவது மூன்று மாதம், தவணை கேட்பது பன்னிரண்டு மாதம். ஆகஸ்ட் மழையில் பெட்டிக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கும்போது 9,800 எங்கிருந்து வரும்?

முத்ரா நல்ல திட்டம்தான். தேனீ வளர்ப்புக்கும் கொடுக்கிறார்கள். 50,000 வரை ஷிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், பிணை கேட்பதில்லை. பிணை இல்லை என்பதால் கட்டாமல் விட்டால் ஒன்றும் ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள். கடன் கட்டிய விவரம் பதிவாகும் சிபிலில் பெயர் கெட்டால், நாளை எம்.காம்., எம்.பி.ஏ. படிக்கக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது தெரியும். கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. 19, 20 வயதில் கடன் சுமந்தே ஆகவேண்டும் என்றால், அந்த இடத்தை அதற்காகக் காலியாக வைத்திருங்கள்.

அம்மாவின் நகையைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. நம் குமரி மாவட்டத்தில் நகை என்பது வீட்டின் கடைசிப் பெட்டகம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருக்கட்டும்.

இதை நான் இவ்வளவு கறாராகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. தேனீப் புழுக்கள் அடையின் அறைக்குள்ளேயே பை மாதிரி வீங்கிச் செத்தன. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் வெற்றுப் பெட்டிகளை விறகுப் புரையில் அடுக்கி வைத்திருந்த வீடுகள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. தாத்தா இருந்திருந்தால் அந்த வருடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். கடன் இல்லாதவர்கள் சில வருடம் கழித்து, எஞ்சிய நாலைந்து கூட்டத்தைப் பிரித்து மறுபடி தொடங்கினார்கள். 1920களில் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் அங்கே இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்ததும் சிறு குடியானவர்களின் துணை வருமானத்துக்காகத்தான். தவணைக்கு ஏற்ற தொழில் அல்ல இது. துளிர் விடும் நேரத்தில் நாலு நாள் மழை பெய்தாலே உங்கள் கணக்கு மாறிவிடும்.

அது சரி, 70 பெட்டியை விற்பவர் ஏன் தொழிலை விடுகிறார் என்று மாமா கேட்டாரா? வயதாகிவிட்டது என்றால் பரவாயில்லை. எதற்கும் கடந்த மூன்று சீசனில் அவர் வியாபாரிக்குப் போட்ட தேனின் சீட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி படிப்பு. பணத்தைக் கணக்கிடுகிற மாதிரி வருகையையும் கணக்கிடுங்கள். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள், 75 சதவீத வருகை வேண்டும் என்றால் உங்களிடம் இருக்கும் மொத்த இருப்பு 22 நாள். 30 பெட்டிக்கே 16 நாளைச் செலவழித்துவிட்டீர்கள். காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் மீதி 6. நேரில் வந்திருந்தால் "என்ன மக்களே, இப்படிச் செஞ்சிட்டியே" என்று கேட்டிருப்பேன். 100 பெட்டியில் வாரம் ஒரு சுற்றுத் தேன் எடுக்க மூன்று நாளுக்கு மேல் வேண்டும்; சனி ஞாயிறு போதாது. தபால் வழிக்கு மாறினால் புதுமைப் பெண் பணம் நின்றுவிடும். இன்னும் ஒன்றரை வருடத்துக்கு 18,000 ரூபாய். உங்கள் ஒரு சீசன் லாபத்துக்குப் பக்கத்தில் வருகிற தொகை அது. ஆகவே வேண்டாம்.

தொழிலை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே நல்ல வழி ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. டின்னுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் கிலோவுக்கு 220 ரூபாய் வித்தியாசம். ஒரு கிலோவுக்கு இரண்டு பாட்டில், லேபிள் எல்லாம் சேர்த்து 40 போனால் 180 மிச்சம். அடுத்த சீசனில் டின்னில் போகும் 150 கிலோவில் 100 கிலோவை மட்டும் பாட்டிலுக்கு மாற்றினால் 18,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு பெட்டிகூட வாங்காமல் லாபம் ஏறக்குறைய இரட்டிப்பு.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் நேரம். தேனை எடுக்கத்தான் சீசன் உண்டு, விற்க இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் எடுத்து, ஈரம் போகப் பக்குவம் செய்து, மூடி இறுகிய பாத்திரத்தில் வைத்துவிட்டுத் தேர்வு எழுதப் போங்கள். மே மாத விடுமுறையில் அடையுங்கள். ஓணத்துக்கு ஒரு பங்கு, கிறிஸ்துமஸுக்கு ஒரு பங்கு. நம் ஊரில் இந்த இரண்டு பண்டிகைக்கும் வீட்டுக்கு வீடு ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, வேறு விளம்பரம் வேண்டாம். மீதி 50 கிலோவை எப்போதும்போல டின்னில் தள்ளிவிடுங்கள். ஜூன் மாதக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கையில் ரொக்கம் வேண்டுமே. போடும் முன் தேன் கூட்டுறவுச் சங்கத்தில் என்ன விலை என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி கூட்ட ஆசை இருந்தால், சீசனுக்கு முன் வலுவான கூட்டங்களைப் பிரித்து வருடம் ஐந்தாறு சேர்க்கலாம். வெறும் பெட்டிக்குத்தான் செலவு.

தேன் பணத்துக்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். கியூஆர் அட்டை அந்தக் கணக்குக்கே இருக்கட்டும். சீசன் பணம் வந்ததும் முதலில் மழைக்காலச் சர்க்கரைக்கு 7,000, கூட்டம் வாங்க 9,000 என்று எடுத்து, தேவைப்படும் மாதத்தில் முதிர்கிற மாதிரிக் குறுகிய கால வைப்பில் போட்டுவிடுங்கள். புதுமைப் பெண் 1,000 ரூபாயைத் தேனுக்குள் விடாதீர்கள். அதை வங்கியில் ஒரு வருட ஆர்.டி. ஆக்கினால் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் அதற்குள் அடங்கும்.

காகித வேலை கொஞ்சம் உண்டு. பாட்டிலில் அடைத்து விற்கிறவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுக்க வேண்டும். உங்கள் அளவு வியாபாரத்துக்கு அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். உள்ளூரில் பொருள் விற்பவருக்கு 40 லட்சம் விற்றுமுதல் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. லேபிள் ஒட்டிய பாட்டிலைக் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் ஒரு கடைக்குப் போட்டால், அது வேறு மாநில விற்பனை. அதற்குத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். அரை மணி நேர பஸ் தூரம்தானே என்று சட்டம் பார்க்காது. இப்போதைக்குக் கடைகளை இந்தப் பக்கத்திலேயே பிடியுங்கள்.

கடைசியாக, உறைந்த தேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறைவது அதன் இயல்பு, கலப்படம் இல்லை. அந்தத் தேன் பூவிலிருந்துகூட வருவதில்லை, துளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கிறது. வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. கேட்ட நான்கைந்து பேருக்கும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். திரும்பி வந்த பாட்டிலைக் கொதிக்காத வெந்நீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி விற்க வேண்டாம். அடுத்த லேபிளில் ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்: "இது ரப்பர் தோட்டத் தேன். உறையும். வெந்நீரில் வைத்தால் இளகும்."