கணினி கேள்வி–பதில்: போர்டை மாற்றினால் கேம் வேகமாகுமா?

ரைசன் 5 2600 சிபியு, பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருக்கிறேன். வேலரண்ட் ஆடும்போது சண்டை நடக்கும் நேரத்தில் ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) சட்டென்று விழுகிறது. பி550 போர்டு போட்டால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

போட வேண்டாம். போட்டால் கம்ப்யூட்டர் திரையே காட்டாமல் நிற்கக்கூடும். பி550 போர்டுகள் ரைசன் 3000 வரிசை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும். உங்கள் 2600 அந்தப் பட்டியலில் இல்லை. பி550-இன் பெரிய லாபம் பிசிஐஇ 4.0 (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதையின் வேகமான பதிப்பு). உங்கள் 1660 சூப்பரோ பிசிஐஇ 3.0 கார்டு, அதற்கு வேண்டியது பி450-இலேயே இருக்கிறது.

மதர்போர்டு தானாக ஒரு ஃப்ரேமையும் கூட்டாது. எந்தச் சிபியு, எந்த ரேம், எந்தக் கார்டை மாட்டலாம் என்பதையும், அவற்றுக்குக் கரண்ட் நிதானமாகப் போகிறதா என்பதையும்தான் அது தீர்மானிக்கிறது. அதனால் எது தடுக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டு, கார்டின் பயன்பாட்டு சதவீதம் ஆட்டத்தின் மேலேயே தெரியும்படி வையுங்கள். ஃப்ரேம் விழும் நொடியில் அது 95–99-இல் நின்றால் கார்டு திணறுகிறது. 60, 70-க்கு இறங்கினால் சிபியுவோ ரேமோ கார்டுக்கு வேலை கொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. சிபியு பயன்பாடு 50 சதவீதம்தானே என்று ஏமாற வேண்டாம். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு கோர்களில் ஓடும். அவை நிரம்பியிருந்தாலும் மொத்தக் கணக்கில் பாதிதான் தெரியும். உறுதி செய்ய, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்து ஆடுங்கள். ஃப்ரேம் கூடவே இல்லையென்றால் கார்டின் மேல் குற்றமில்லை.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் சந்தேகம் ரேம்தான். ஒரே ஸ்டிக் என்றால் ஒரு சேனல், அதாவது பாதிப் பாதை. முதலிரண்டு தலைமுறை ரைசன்களுக்கு ரேம் வேகம் குறைந்தால் சிபியுவின் உள் இணைப்பும் சேர்ந்தே மந்தமாகும். அதே மாடலில் இன்னொரு 8 ஜிபி வாங்குங்கள். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் சிபியு பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் மாட்டுங்கள். பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் போர்டின் புரோகிராம்), ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி (சில போர்டில் டிஓசிபி அல்லது ஏ-எக்ஸ்எம்பி என்றிருக்கும்) ஆன் செய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் 3200 ரேமும் பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் இப்போதைய வேகம் தெரியும். 3200-இல் எழாவிட்டால் 2933 வையுங்கள். 2600-க்கு ஏஎம்டி சொல்லும் வேகமே அதுதான்.

இரண்டு நிமிட வேலை ஒன்றும் உண்டு. மானிட்டர் கேபிள் கார்டில் மாட்டியிருக்கிறதா, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 144 ஹெர்ட்ஸ் தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். புது மானிட்டர் 60-லேயே ஓடிக்கொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது.

ரேமுக்குப் பிறகும் சிபியுதான் தடை என்று தெரிந்தால், போர்டுக்கு வைத்திருக்கும் பணத்தை ரைசன் 5 5600-க்குப் போடுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் பி450 அதை ஏற்கும். விலை குறைகிறது என்று 5500 பக்கம் போக வேண்டாம். 5600-இல் எல்3 கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, 5500-இல் 16 எம்பி. கேம்களுக்கு அந்தக் கேஷ் முக்கியம்.

அப்டேட்டைப் பழைய சிபியு இருக்கும்போதே முடிக்க வேண்டும். போர்டின் முழு மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் போர்டிலேயே பார்த்துக் குறித்து, தயாரிப்பாளர் தளத்தில் 5600 எந்தப் பயாஸிலிருந்து ஓடும் என்று பாருங்கள். நடுவில் ஒரு பதிப்பு போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று சில போர்டுகளுக்குக் குறிப்பு இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம். எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஃபைலை வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே ஃப்ளாஷ் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதியில் போனால் போர்டு எழாமலே போகலாம். அப்டேட் முடிந்ததும் எக்ஸ்எம்பி ஆஃப் ஆகியிருக்கும், மறுபடி ஆன் செய்யுங்கள்.

சிபியுவைக் கழற்றுவதில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். இந்த வகையில் பின்கள் சிபியுவின் அடியில் இருக்கும். பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால் சிபியு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்து பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகு தூக்குங்கள்.

ஆபீஸில் கழித்த பிராண்டட் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். ஐ5-3470, எச்61 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3. ஜிடிஎக்ஸ் 1650 போட்டும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. போர்டை மட்டும் மாற்றினால் போதுமா?
— வாசகர், கும்பகோணம்

உங்களுக்குப் போர்டை “மட்டும்” மாற்ற வழியில்லை. புது போர்டில் அந்தச் சிபியு உட்காராது, டிடிஆர்3 ரேமும் பொருந்தாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கனெக்டர், கேபினட் துளைகள், முன்பக்க ஸ்விட்ச் ஒயர் வரை அந்தக் கம்பெனியின் தனி அமைப்பாக இருப்பது வழக்கம். ஆக போர்டு, சிபியு, ரேம், கேபினட், எஸ்எம்பிஎஸ் ஐந்தையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். மிஞ்சுவது கார்டும் டிஸ்க்கும்தான்.

3470-க்கு நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). இன்றைய கேம்களில் திக்குவதற்கு அதுவே காரணம். குறைந்த செலவில் கொஞ்ச காலம் ஓட்ட வேண்டுமென்றால் அதே சாக்கெட்டில் செகண்ட் ஹேண்ட் ஐ7-3770 போடலாம், எட்டு த்ரெட் கிடைக்கும். ரேமை 8 ஜிபி இரண்டாக 16 ஆக்குங்கள். எச்61-க்கு அதுதான் உச்சம். ஆனால் இந்தத் தலைமுறைக்கு விண்டோஸ் 11 ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் 3770-க்குப் பெரிய தொகை போட வேண்டாம்.

பணம் சேர்ந்ததும் எச்610 போர்டு, ஐ5-12400எஃப், டிடிஆர்4 3200 ரேம் இரண்டு ஸ்டிக் என்று போங்கள். எச்610-இல் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையும் விற்கிறது. திருச்சியிலிருந்து பார்சலில் வரவழைத்தால் பில்லில் எது என்று எழுதச் சொல்லுங்கள். “எஃப்” சிபியுவில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் படம் வராது. அதைப் பார்த்துப் போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

ஐ7-11700, எச்510 போர்டு. முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு ஃப்ரேம் பாதியாகிறது. சித்திரை, வைகாசியில் இன்னும் மோசம்.
— வாசகர், நாகப்பட்டினம்

இங்கே போர்டைச் சந்தேகிக்கலாம். 11700-இன் அடிப்படைக் கணக்கு 65 வாட், டர்போவில் (தானாக வேகத்தைக் கூட்டும்போது) 224 வாட் வரை கேட்கும். விலை குறைந்த எச்510 போர்டுகள் பலவற்றில் சிபியுவுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க்கே இருக்காது. அது கொதித்ததும் போர்டு சிபியுவை அடக்கிவிடும்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற, சூடும் வேகமும் காட்டும் மென்பொருளை ஓட்டி, ஃப்ரேம் விழும் நேரத்தைப் பாருங்கள். சிபியு 95–100 டிகிரி தொட்டிருந்தால் கூலரும் பேஸ்டும்தான் பிரச்சினை. சிபியு 70 டிகிரியிலேயே இருக்க, அதன் வேகம் 4 கிகா ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து 2.5-க்குச் சரிந்தால் விஆர்எம் அல்லது பயாஸின் வாட் வரம்பு. இரண்டையும் பிரிக்க, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சிபியுவுக்கும் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் நடுவே காற்றுப் படும்படி டேபிள் ஃபேனை வைத்து ஒரு மணி நேரம் ஆடுங்கள். சரிவு நின்றால் விஆர்எம்தான். நிற்காவிட்டால் பயாஸில் நீண்ட நேர வாட் வரம்பைப் பாருங்கள்.

விஆர்எம் என்றால் அந்த வரம்பை 80 வாட் அளவில் வையுங்கள். உச்ச வேகம் சற்றுக் குறைந்தாலும் ஆட்டம் சீராக இருக்கும், கேமுக்கு அதுதான் தேவை. பின்பக்க ஃபேன் இல்லையென்றால் ஒன்று மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் விஆர்எம் ஹீட்சிங்க் உள்ள பி560 வாங்குவது நியாயம்; சிபியு, ரேம் இரண்டும் அப்படியே பொருந்தும்.

கடலோரம் என்பதால் ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளையும் கழற்றிப் பாருங்கள். மங்கியிருந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்தபின் மாட்டுங்கள். வயல் பக்கத்து வீடென்றால், விளக்குக்கு வரும் பச்சைத் தத்துப்பூச்சி ஃபேன் வலையில் அப்பிக் காற்றை அடைக்கும். அறுவடைத் தூசியும் சேரும். மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள்.

போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?
— வாசகி, திருவாரூர்

கம்ப்யூட்டருடனேயே வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய போர்டோடு போகும். தனியாக வாங்கிய ரீட்டெயில் லைசென்ஸ் என்றால், மாற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இணைத்துவிடுங்கள். பிறகு ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டர் வழியாக மீட்கலாம். டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புது போர்டு முதல்முறை எழும்போது அதைத்தான் கேட்கும், அது இல்லாமல் டிரைவ் திறக்காது.