காம்பு ஒடிந்த பூ

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நெய்யூர்ப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டாரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கருங்கல் இருக்கிறது. பாட்டியின் அத்தை ஒருவருடையது. எழுத்து பாதி தேய்ந்துவிட்டது, மேலே செதுக்கிய பூ மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அதன் காம்பு நடுவில் ஒடிந்து, பூ தலைகீழாகத் தொங்குகிறது. அப்படிப் போட்டிருந்தால் தற்கொலை செய்துகொண்டவர் என்று அர்த்தம் என்கிறார் சித்தப்பா. அதைக் கேட்டதிலிருந்து பாட்டிக்கு மனசு சரியில்லை. கல்லை எடுத்துவிட்டுப் புதிதாகக் கிரானைட் போடலாம் என்று வீட்டில் பேச்சு. சித்தப்பா சொல்வது உண்மையா? படம் இணைத்திருக்கிறேன்.

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

உண்மையில்லை. முதலில் பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

காம்பு ஒடிந்த பூ என்றால் இளவயதில் போனவர், அவ்வளவுதான். காய்ச்சலா, பிரசவமா, வேறு எதுவுமா என்றெல்லாம் அந்தப் பூ சொல்லாது. யோசித்துப் பாருங்கள், கல் வைக்கிறவர்கள் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும். ஊர் முழுக்க வந்து நிற்கிற இடத்தில், கைக்காசு போட்டு, தங்கள் பிள்ளைக்கு அவப்பெயரையா செதுக்கி வைப்பார்கள்? அந்த உருவத்துக்குப் பின்னால் இருப்பது வேதவசனம். ‘அவன் பூவைப்போலப் பூத்து அறுப்புண்கிறான்’ என்று யோபு 14-ஆம் அதிகாரத்தில் வருகிறதே, அதைத்தான் கல்லில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பூ வழக்கம் நமக்குக் கப்பலில் வந்தது. ஐரோப்பாவில் பழைய கல்லறைகளில் மண்டையோடும் எலும்பும்தான் செதுக்கினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரசனை மாறியது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லும் புத்தகங்கள் விற்றன, கல்லறைகளிலும் பூக்கள் பெருகின. லில்லி என்றால் தூய்மை. பாப்பி என்றால் உறக்கம், அபின் தரும் செடி அல்லவா. போர்வீரர்களின் நினைவுப் பூவாக அது ஆனது முதல் உலகப்போருக்குப் பிறகுதான். ரோஜாவில் வயதையே சொல்லிவிடுவார்கள்: குழந்தைக்கு மொட்டு, பெரியவர்களுக்கு விரிந்த பூ. நிறைய வயதாகிப் போனவருக்குப் பூவே கிடையாது, கோதுமைக் கட்டு. நமக்கு நெற்கதிர் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நம் பக்கம் லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல். அதே மிஷனின் மீட் பாதிரியார் நாகர்கோவிலுக்கு வந்தது 1818-இல். அவர்களுக்குப் பின்னால் வந்த மிஷனரிகளின் காலமும் கல்லறைப் பூக்களின் காலமும் ஒன்றுதான். உதயகிரிக் கோட்டையில் திருவிதாங்கூர்த் தளபதி டிலனாயின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அவர் இறந்தது 1777-இல், இந்த மோகத்துக்கு முன்னால். அங்கே நின்று பார்க்க வேண்டியது எழுத்தை, லத்தீனும் தமிழும் ஒரே கல்லில்.

படத்துக்கு வருகிறேன். பூ ரோஜாதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இதழ்கள் தடித்து, நுனி மழுங்கி, கோவில் தூணில் வரும் தாமரையின் சாயலில் இருக்கின்றன. அது கொத்தனின் குறை இல்லை. நம் மாவட்டத்துக் கருங்கல்லில் நிறைய சார்னோக்கைட் வகை. (கல்கத்தாவில் யோப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைப் பலகை அந்தக் கல். அதனால் அவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்!) சலவைக்கல் வளைந்து கொடுக்கும், தாள் மாதிரி மெல்லிய இதழ்கூட அதில் எடுக்கலாம். கருங்கல்லில் அப்படி முயன்றால் ஓரம் தெறித்துவிடும். ஆனால் மழை சலவைக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். இரண்டு பருவமழையும் கொட்டுகிற நம் ஊரில் உங்கள் பூ இவ்வளவு தெளிவாக நிற்பதற்குக் காரணம் அந்த முரட்டுக் கல்தான்.

இதழின் வகையை விட்டுவிட்டு நிலையைப் பாருங்கள். முழுதாக விரியவில்லை, வெளி இதழ்கள் மட்டும் பிரிந்திருக்கின்றன. ஒடிந்த காம்பையும் சேர்த்தால், பதின்பருவம் தாண்டியோ தாண்டாமலோ போன பெண் என்பது என் ஊகம். ஊகத்தோடு நிற்க வேண்டாம், சபையின் அடக்கப் பதிவேட்டில் வயதைத் தேடுங்கள்.

அப்புறம், படத்தின் ஓரத்தில் வேலியில் ஒரு கொடி தெரிகிறது. பச்சை வலை போர்த்திய பழம், பிள்ளைகள் பறித்துத் தின்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொடி. அதன் இனத்துப் பூவில்தான் ஸ்பானிய மிஷனரிகள் கிறிஸ்துவின் பாடுகளைக் கண்டார்கள். அடுத்த முறை போகும்போது காலையில் போய் ஒரு பூவை எடுத்துப் பாருங்கள், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். சுற்றியுள்ள இழைகள் முள்முடி, ஐந்து மகரந்தப் பைகள் ஐந்து காயங்கள், உச்சியில் பிரியும் மூன்று தண்டுகள் ஆணிகள். பத்து இதழ்களுக்குப் பத்து சீடர்கள். யூதாசையும் பேதுருவையும் கழித்துவிட்டார்கள். கணக்கு ஒத்துவர வேண்டுமே! ஐரோப்பியக் கல்லறைகளில் இந்தப் பூவையும் செதுக்கியிருக்கிறார்கள்.

கல்லை மாற்றாதீர்கள். பளபளப்பான புதுக்கல்லும் போட்டோவும் வேண்டுமென்றால் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆசிட் ஊற்றிக் கழுவவோ கம்பி பிரஷ் போடவோ யாரையும் விடாதீர்கள். தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். எழுத்தைப் படிக்க, இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத எழுத்தும் எழும்பி வரும். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்.