ஆங்கில ‘இஃப்’ வாக்கியங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: “மழை பெய்தால் ஊருணி நிரம்பும்” என்பது எதிர்காலம்தானே? ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ போட்டால் ஏன் தவறு என்கிறார்கள்? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: தமிழிலும் அந்த இடத்தில் நாம் எதிர்கால உருவத்தை வைப்பதில்லை. ‘பெய்த’ என்ற இறந்தகால அடியோடு ‘ஆல்’ சேர்த்துவிட்டு, காலத்தைக் காட்டும் பொறுப்பை ‘நிரம்பும்’ என்ற வினைமுற்றிடம் விட்டுவிடுகிறோம். ஆங்கிலமும் ‘வில்’லை முடிவுப் பகுதிக்கே தருகிறது: ‘இஃப் இட் ரெயின்ஸ், தி டேங்க் வில் ஃபில்.’

கேள்வி: எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். வெளிநாட்டுப் பயணி ஒருவர் ‘இஃப் ஐ ஹேட் எ ஹவுஸ் லைக் திஸ், ஐ வுட் நெவர் லீவ் இட்’ என்றார். ‘ஹேட்’ என்றதால், முன்பு அவருக்கு இப்படி ஒரு வீடு இருந்ததா? (இளைஞர், கானாடுகாத்தான்)

பதில்: இல்லை, இப்போதும் இல்லை என்பதுதான் அதன் பொருள். பலரும் தடுமாறும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். இங்கே இறந்தகால உருவம் காட்டுவது கடந்துபோன காலத்தை அன்று, நடப்பு உண்மையிலிருந்து அந்த எண்ணம் விலகி நிற்பதை. தமிழில் ‘இருந்தால்’ என்ற ஒரே சொல், நடக்கக்கூடியதற்கும் வெறும் கற்பனைக்கும் பொதுவாக நிற்கிறது. வேறுபடுத்த வேண்டுமென்றால் “எனக்கு மட்டும் இப்படி ஒரு வீடு இருந்தால்” என்று ‘மட்டும்’ சேர்த்து ஏக்கத்தைக் காட்டுகிறோம். அந்த ‘மட்டும்’ செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘ஹேட்’டும் ‘வுட்’டும் செய்கின்றன. அதே பயணி ‘இஃப் ஐ ஃபைண்ட் எ ஹவுஸ் லைக் திஸ், ஐ வில் பை இட்’ என்றிருந்தால், அவர் உண்மையாகவே வாங்கும் எண்ணத்தில் இருக்கிறார்; அப்போது நீங்கள் வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்கலாம்.

கேள்வி: “1942-இல் ரங்கூன் ஜப்பானியர் வசம் போகாமல் இருந்திருந்தால், எங்கள் ஐயா (தாத்தா) அங்கேயே கடை நடத்தியிருப்பார்.” இதைப் பேரனுக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? (ஓய்வு பெற்றவர், தேவகோட்டை)

பதில்: ‘இஃப் ரங்கூன் ஹேட் நாட் ஃபாலன் இன் 1942, மை கிராண்ட்ஃபாதர் வுட் ஹேவ் ரன் ஹிஸ் பிசினஸ் தேர்.’ நடக்காமல் போன கடந்தகாலத்தைச் சொல்லும் இதை இலக்கண நூல்கள் ‘இஃப்’ வாக்கியத்தின் மூன்றாம் வகை என்கின்றன; மாணவர்கள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் ‘இருந்திருந்தால்’ என்பதற்கு ‘ஹேட்’, ‘நடத்தியிருப்பார்’ என்பதற்கு ‘வுட் ஹேவ்’ என்று தமிழோடு ஏறத்தாழ ஒட்டியே வருவதால், நமக்கு இதுவே எளிது என்பது என் கருத்து. இரு பகுதியிலும் ‘வுட் ஹேவ்’ எழுதாதிருந்தால் போதும். விளைவு இன்றைய நிலையைப் பற்றியதானால் முடிவு மட்டும் மாறும்: ‘வி வுட் பி லிவிங் தேர் டுடே.’

கேள்வி: “விடிந்தால் கல்யாணம்” என்பதை என் மகள் ‘இஃப்’ போட்டு எழுதினாள். சரியா? (இல்லத்தரசி, பள்ளத்தூர்)

பதில்: சரியன்று. விடிவது உறுதி என்பதால் அங்கே ‘வென்’ வர வேண்டும். நம் ‘ஆல்’ இரண்டுக்கும் பொதுவாதலால் வந்த குழப்பம் இது. எழுதும் முன் “இது நடக்காமலும் போகலாமா?” என்று மகளைத் தன்னையே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், போகலாம் என்றால் ‘இஃப்’, போகாது என்றால் ‘வென்’.