கூரை திறக்கும் கார் வாங்குமுன் மழைநீர் போகும் வழியைப் பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 54. பினாங்குத் தீவில் குளுகோரில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை. பிள்ளைகள் இருவரும் படித்து முடித்து கோலாலம்பூருக்குப் போய்விட்டார்கள். மனைவி ஓட்டுவதற்கு ஒரு மைவி இருக்கிறது. கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை ஓட்ட வேண்டும் என்பது என் இளவயது ஆசை. அதை ஞாயிற்றுக்கிழமைக் காராக வைத்திருக்க விருப்பமில்லை. தினமும் வேலைக்கு ஓட்டிப் போக வேண்டும். கையில் 1 லட்சம் ரிங்கிட் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர் ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்? நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இப்படிப்பட்ட கார் ஒத்துவராது என்கிறார் மனைவி. அது உண்மையா?

- வாசகர், குளுகோர்

பதில்: உங்கள் துணைவியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை பினாங்கு வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது உடம்புக்கு ஆகாது. அந்த நேரத்தில் கூரையை மூடி ஏர்கோனைப் போட்டுக்கொண்டால் எந்தக் காரும் ஒன்றுதான். கூரையைத் திறக்கும் இன்பம் வேலைக்குப் புறப்படும் காலைப் பொழுதிலும், ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பும் போதும்தான் கிடைக்கும். லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் கடலை ஒட்டிப் போகும்போது காற்று நன்றாக இருக்கும். ஆனால் தொழிற்சாலைப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் புகையும் சேர்ந்து உள்ளே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார இறுதியில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலை ஏறி இறங்கும் சாலை இருக்கிறதே, டுரியான் காலத்தில் ஒருமுறை அதிகாலையில் கூரையைத் திறந்துகொண்டு அந்த வழியாகப் போய் வாருங்கள். அதன் பிறகு துணைவியாரே உங்களுக்காகப் பேசுவார் என்று நம்புகிறேன்.

மழையைப் பற்றி அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. இந்த வகைக் கார்களை நம் ஊரில் கெடுப்பது பெரும்பாலும் இன்ஜின் கோளாறு அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீர். கூரை மடங்கும் இடத்தின் ஓரங்களில் விழும் மழைநீர், இரண்டு பக்கமும் உள்ள சிறு குழாய்கள் வழியாகக் காரின் அடிக்கு வடிந்து போக வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இறங்கி, கம்பளத்துக்கு அடியில் தங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவருக்காகப் பட்டர்வொர்த்தில் துணிக்கூரைக் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வண்ணம் மின்னியது, இன்ஜின் சத்தமும் சீராக இருந்தது. ஓட்டுநர் இருக்கையை முன்னே தள்ளிவிட்டு, பின்னால் இருந்த கம்பளத்தை விரல்களால் அழுத்தினேன். அடியில் இருந்த நுரைப்பஞ்சு ஈரத்துணி போலச் சொதசொதவென்றிருந்தது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாங்கி வந்து, கூரையோரக் குழியில் மெதுவாக ஊற்றினோம். பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவே இல்லை. குழிக்குள் கைவிட்டு எடுத்தபோது, தூங்குமூஞ்சி மரத்தின் சின்ன இலைகளும் அங்சானாவின் மஞ்சள் பூக்களும் மக்கிக் கறுத்த சேறாக வந்தன. விற்றவர் அந்தக் காரை ஈராண்டு மர நிழலில் நிறுத்தி வைத்திருந்தாராம். நண்பர் வாங்காமல் திரும்பிவிட்டார்.

நீங்கள் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் அனுமதிக்க மறுத்தால் வேறு கார் பாருங்கள். 2002 முதல் 2008 வரை வந்த முதல் தலைமுறை இசட்4 காரில் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரையே இந்த வடிகால் குழிக்குள் வைத்திருக்கிறார்கள். குழாய் அடைத்தால் மோட்டார் தண்ணீரில் மூழ்கி நின்றுபோகும், அதை எடுத்து மாற்றக் கூரையையே கழற்ற வேண்டியிருக்கும். பழைய பாக்ஸ்டர்களில் கதவுப் பூட்டையும் அலாரத்தையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில் தரையோடு இருப்பதால், அங்கே தண்ணீர் தேங்கினால் கதவுப் பூட்டும் அலாரமும் வேலை செய்யாமல் போகலாம்.

இனி மூன்று கார்களுக்கும் வருகிறேன். 2009 முதல் 2016 வரை வந்த இரண்டாம் தலைமுறை இசட்4 காருக்கு மடங்கும் அலுமினியக் கூரை. மூடிவிட்டால் நிலையான கூரை கொண்ட கூப்பே கார் போலவே அமைதியாக இருக்கும். அடுக்குமாடி வீட்டில் திறந்தவெளியில் நிறுத்துபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பின்பெட்டியில் கூரை மூடியிருக்கும்போது 310 லிட்டர் இடமும், திறந்து மடித்தால் 180 லிட்டர் இடமும் உண்டு. இதில் 23ஐ என்ற வகையில் டர்போ இல்லாத 2.5 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 204 குதிரைத்திறன். வால்வு மூடியிலும் எண்ணெய் வடிகட்டி பொருந்தும் இடத்திலும் எண்ணெய் கசிவதும், மின்சார வாட்டர் பம்ப் சொல்லாமல் நின்றுவிடுவதும் இதன் தெரிந்த குறைகள். இவை செலவுதான் என்றாலும் இன்ஜினைச் சாகடிக்கும் குறைகள் அல்ல, நேரத்தோடு மாற்றினால் நீண்ட காலம் ஓடும். 35ஐ வகையில் இரட்டை டர்போவும் 306 குதிரைத்திறனும் இருக்கின்றன. அதன் உயர் அழுத்த எரிபொருள் பம்பும் டர்போவும் பழுதானால் வரும் செலவு, தினசரி ஓட்டத்துக்கு நான் பரிந்துரைக்கும் அளவில் இல்லை. பின்னால் வந்த 2 லிட்டர் 20ஐ காரில் டைமிங் செயினின் (இன்ஜினின் உள் பாகங்களை ஒத்திசைத்து ஓட்டும் சங்கிலி) பிளாஸ்டிக் தாங்கிகள் தேய்ந்து உடைவதுண்டு என்பதால், குளிர்ந்த இன்ஜினை முதன்முதலாக முடுக்கும்போது கடகடவென்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எஸ்எல்கே மூன்றிலும் சொகுசானது. 2004 முதல் 2011 வரை வந்த இரண்டாம் தலைமுறைதான் உங்கள் தொகைக்கு வசதியாகக் கிடைக்கும். எஸ்எல்கே 200 காரில் 1.8 லிட்டர் சூப்பர்சார்ஜர் இன்ஜின். அதன் டைமிங் செயின் நாளடைவில் நீள்வதுண்டு. எஸ்எல்கே 350 வாங்க நினைத்தால், தொடக்க ஆண்டுகளின் வி6 இன்ஜினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் என்ற தண்டின் பற்சக்கரம் தேய்வது உலகறிந்த குறை. அதைச் சரிசெய்ய இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். கழுத்துக்கு வெப்பக் காற்று வீசும் வசதியைச் சொல்லி விலை கூட்டினால் கொடுக்காதீர்கள், பினாங்கில் அது ஒரு நாளும் பயன்படாது. பின்பெட்டியில் மடங்கும் கூரைக்கும் சாமான்களுக்கும் நடுவில் உள்ள தடுப்பு சரியாக மாட்டப்பட்டிருந்தால்தான் இதன் கூரை திறக்கும். பார்க்கப் போகும்போது கூரை வேலை செய்யவில்லை என்றால் முதலில் அதைச் சரிபாருங்கள். பிறகு ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள்.

ஓட்டும் இன்பத்தில் பாக்ஸ்டருக்கு நிகர் இந்த மூன்றில் இல்லை. இன்ஜின் இருக்கைக்குப் பின்னால் நடுவில் இருப்பதால் வளைவுகளில் கார் அப்படியே கைக்குள் அடங்கும். முன்னும் பின்னும் இரண்டு பெட்டிகள் இருப்பதால் சந்தைச் சாமான்களுக்கும் இடம் போதும். ஆனால் 2008 வரை வந்த கார்களின் இன்ஜினுக்குள் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் இன்ஜின் முழுவதும் போய்விடும். 2009 மாடலிலிருந்து வந்த புதிய இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவே பாக்ஸ்டர் என்றால் 2009 மாடல் அல்லது அதற்குப் பிந்தியது மட்டுமே. உங்கள் 1 லட்சத்துக்குள் அது கிடைத்தாலும், பழுதுக்கென்று கையில் எதுவும் மிஞ்சாது என்பதுதான் என் தயக்கம்.

சாலை வரியையும் கணக்கில் எடுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள காருக்கு இன்ஜின் கொள்ளளவைப் பொறுத்தே வரி என்பதால், 1,796 சிசி எஸ்எல்கே 200 காருக்கு ஆண்டுக்கு 278.40 ரிங்கிட்டும், 2,497 சிசி இசட்4 23ஐ காருக்கு 877 ரிங்கிட்டும் கட்டினால் போதும். 2,893 சிசி பாக்ஸ்டருக்கு 1,862.50 ரிங்கிட், 2,979 சிசி இசட்4 35ஐ காருக்கு 2,077.50 ரிங்கிட். எஸ்எல்கே 350 காரின் 3,498 சிசிக்கு வரி 4,371 ரிங்கிட்டாக எகிறிவிடும். காரின் வயது கூடினாலும் இந்தத் தொகை குறையாது.

எனவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் இசட்4 23ஐ காரை, சர்வீஸ் பதிவுகள் முழுமையாக உள்ளதாகப் பார்த்து, 75 முதல் 80 ஆயிரம் ரிங்கிட்டுக்குள் பேசி முடிக்க முயல்வேன். மீதி 20 ஆயிரத்தைத் தொடாமல் வைத்திருப்பேன். முதல் ஆண்டிலேயே வாட்டர் பம்ப், எண்ணெய்க் கசிவு, டயர், பாட்டரி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அந்தப் பணம் இல்லாமல் இந்தக் காரை வைத்திருப்பவர்கள்தான் அதை வெறுத்து விற்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் தேறிவிட்டது என்று சொல்லி விற்பார்கள். சேசி எண், இன்ஜின் எண் போன்றவற்றைச் சரிபார்க்கும் அந்தப் பரிசோதனை கூரைக் கசிவையோ டைமிங் செயினையோ சொல்லாது. ஜெர்மானியக் கார்களை மட்டும் பார்க்கும் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோய், லிஃப்ட்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூரையை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். முதல் முறை ஒழுங்காகப் போய் மூன்றாவது முறை தயங்கும் கூரைகளை நான் பார்த்திருக்கிறேன். இசட்4 காரில் மாற்று டயர் கிடையாது. அதில் வரும், காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்கள் கெட்டியாக இருப்பதால் நம் சாலைகளில் முதுகு நோகும். மாற்றும் நேரம் வரும்போது சாதாரண டயரும், பஞ்சர் ஒட்டும் திரவமும், காற்றடிக்கும் கருவியும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சந்தை விலையைவிட மிகக் குறைவாக ஓர் எஸ்எல்கே விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே லேசான ஈரவாடை இருக்கிறது. கூரை ஒழுகியிருக்கும், ரப்பர் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உங்கள் பயம் சரியானது, சகோதரி. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 2017 நவம்பரில் பினாங்கிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. கூரை ஒழுகினால் ஈரம் இருக்கைக்குப் பின்னாலும் கதவோரங்களிலும்தான் இருக்கும். வெள்ளம் எங்கும் நுழைந்து வண்டலை விட்டுச் செல்லும். ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் பழுப்புக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டால் விரலில் மெல்லிய மண் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வேண்டாம். எந்தக் காரை வாங்கினாலும் சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் காப்பைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய காருக்கு, நிறுவனத்துடன் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் காப்புறுதி எடுப்பது நல்லது. இல்லையென்றால் இழப்பீட்டின்போது மதிப்பைக் குறித்துத் தகராறு வரும்.

கேள்வி: துணிக்கூரை நம் ஊருக்குத் தாங்குமா? மாஸ்டா எம்எக்ஸ்-5 மீது ஆசை.

- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தாங்கும். பிஎம்டபிள்யூவே 2018இல் வந்த மூன்றாம் தலைமுறை இசட்4 காரில் உலோகக் கூரையைக் கைவிட்டுத் துணிக்கூரைக்குத் திரும்பியது. எம்எக்ஸ்-5 சொகுசுக் கார் அல்ல. ஆனால் 1989 முதல் தொடர்ந்து வரும் அந்தக் காரின் துணிக்கூரையைக் கையால் மடிப்பதால் மோட்டாரும் ஹைட்ராலிக் குழாயும் பழுதாகும் கவலை இல்லை. நிழல் கூரை உள்ள இடத்தில் நிறுத்துங்கள், தானியங்கி கார் கழுவும் இயந்திரத்துக்குள் விடாதீர்கள். மழையில் நனைந்த கூரையை அப்படியே மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் மூடி உலர விடுங்கள். ஓர ரப்பர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கோன் தடவுங்கள். அப்படியே அந்த வடிகால் குழியில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.