ரூஸ்வெல்ட்டை எந்தத் தராசில் நிறுப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்று, 1945 ஏப்ரல் 12 அன்று பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி வந்துள்ள கேள்விகளில் பாதி அவரைக் கோயிலில் வைக்கின்றன. மீதி அவரைக் கூண்டில் ஏற்றுகின்றன. நான் பதில் தேடியது ஒரே வழியில்தான்: முடிவெடுத்த நாளில் அவர் மேசைமீது வேறு எந்த யோசனைகள் இருந்தன, அவற்றைச் சொன்னவர்கள் யார் என்று பார்ப்பது.

கேள்வி: 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தை முடித்து வைத்தவை நியூ டீல் என்ற அவருடைய மீட்புத் திட்டங்களா, இரண்டாம் உலகப் போரா?

மீட்சி தொடங்கியதும் மீட்சி நிறைவடைந்ததும் வேறு வேறு காரணங்களால் நடந்தவை. இரண்டையும் ஒன்றாக்குவதால்தான் இந்த வழக்கு தீராமல் இழுக்கிறது. 1929 முதல் 1933 வரை அமெரிக்காவின் மொத்த உற்பத்தி நாலில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தது. உழைப்பாளர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. புதிய அதிபர் மார்ச் 6 அன்று நாடெங்கும் வங்கிகளை மூடச் செய்தார். 9ஆம் தேதி அவசரச் சட்டம் நிறைவேறியது. 12ஆம் தேதி ஞாயிறு இரவு, எந்த வங்கி எப்போது திறக்கும், ஏன் அதை நம்பலாம் என்று வானொலியில் எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, சில நாட்களுக்கு முன் பணத்தை எடுக்க முண்டியடித்தவர்களே அதைத் திரும்பப் போட வந்து நின்றார்கள். அதே ஆண்டில் வந்த வைப்புத்தொகைக் காப்பீட்டை இன்று அவருடைய சாதனைப் பட்டியலில் முதலில் எழுதுகிறோம். ஆனால் அதை முன்னின்று கொண்டுவந்தவர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களே, ரூஸ்வெல்ட் தொடக்கத்தில் அதை விரும்பவில்லை.

என் கணக்கில் அதைவிடப் பெரிய காரணம் தங்கம். ஓர் அவுன்சுக்கு 20.67 டாலர் என்று அரசு நிர்ணயித்திருந்த தங்க விலை 1934 ஜனவரியில் 35 டாலராக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டுத் தங்கம் உள்ளே வந்தது, பணப்புழக்கம் பெருகியது, விலைவீழ்ச்சி நின்றது. 1933 முதல் 1937 வரை உற்பத்தி சராசரியாக ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. பள்ளம் அவ்வளவு ஆழமாக இருந்ததால், இந்த வேகத்திலும் 1937இல் வேலையின்மை ஏறத்தாழ 14 விழுக்காடாக இருந்தது. இந்தப் புள்ளிவிவரம் அரசின் நிவாரணப் பணிகளில் கூலி பெற்றவர்களையும் வேலையற்றோராகவே எண்ணுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சாலையும் பள்ளிக்கூடமும் கட்டியவர்களை வேலையில் இருந்தவர்களாகக் கொண்டால் அது 9 விழுக்காட்டை ஒட்டி வரும்.

பிறகு வந்தது 1937ஆம் ஆண்டின் சறுக்கல். நிதிச் செயலர் ஹென்றி மார்கந்தோ வரவையும் செலவையும் சமன்படுத்தச் சொன்னார். அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் மாரினர் எக்கிள்ஸ் செலவைக் குறைக்கும் நேரம் இதுவல்ல என்று வாதிட்டார். ரூஸ்வெல்ட் மார்கந்தோவைக் கேட்டார். (வங்கிகளின் கட்டாயக் கையிருப்பு விகிதத்தை இரட்டிப்பாக்கிப் பணத்தை இறுக்கியது எக்கிள்ஸ் தலைமையிலான வாரியமே என்பதால், அவரையும் தீர்க்கதரிசியாக்க முடியாது.) 1938இல் வேலையின்மை மீண்டும் 19 விழுக்காட்டைத் தொட்டது. மாற்று யோசனை மேசைமீதே இருந்ததால், இந்த இரண்டாம் வீழ்ச்சியில் ஒரு பங்கை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

மீட்சியை நிறைவு செய்தது போர்ச் செலவே என்பதற்கு ஓர் ஒப்பீடு போதும். 1930களில் அரசின் ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 6 விழுக்காட்டைத் தாண்டியதே இல்லை. 1943இல் அது 30 விழுக்காட்டை நெருங்கியது. அடுத்த ஆண்டு வேலையின்மை 1.2 விழுக்காடு.

கேள்வி: அவருக்கு முன்னிருந்த ஹூவர் உண்மையிலேயே கைகட்டி வேடிக்கை பார்த்தாரா?

இல்லை. வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் கடன் கொடுக்க 1932இல் ஓர் அரசு நிறுவனத்தை அமைத்தவர் அவரே. ஆனால் 1930இல் இறக்குமதி வரியை உயர்த்திய ஸ்மூட்–ஹாலி சட்டத்தில், பொருளியலாளர் ஆயிரம் பேர் கையெழுத்திட்டு வேண்டாம் என்ற பிறகும் ஒப்பமிட்டார், டாலரைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த ஏற்பாட்டையும் விடவில்லை. உழைத்தார், தவறான திசையில்.

கேள்வி: உச்ச நீதிமன்றத்தை வளைக்க முயன்றவர், நான்கு முறை தேர்தலில் நின்றவர். அவரைச் சர்வாதிகாரி என்று சொன்னால் என்ன தவறு?

அந்த முயற்சி நிகழ்ந்தது உண்மை. அது நிறைவேறவில்லை என்பதும் உண்மை. தொழில் மீட்புச் சட்டத்தை 1935 மே மாதத்திலும், வேளாண் சட்டத்தை 1936 ஜனவரியிலும் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்குப் பதிலடியாக, எழுபது வயது கடந்தும் ஓய்வு பெறாத ஒவ்வொரு நீதிபதிக்கும் ஒருவராக, அதிகபட்சம் ஆறு பேரைக் கூடுதலாக நியமிக்கும் மசோதாவை 1937 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்தார். அதைப் புதைத்தது செனட் சபையில் அசைக்க முடியாத பெரும்பான்மை பெற்றிருந்த அவருடைய சொந்தக் கட்சிதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விலைகளைத் தொழிலதிபர்கள் கூடிப்பேசி உயர்த்திக்கொள்ள இடம் கொடுத்த அந்தத் தொழில் மீட்புச் சட்டத்தை ரத்து செய்ததில், நீதிபதிகள் அவருக்கு நன்மையே செய்தார்கள்.

மூன்றாம் முறை நின்றது மரபை மீறியது, சட்டத்தை மீறவில்லை. இரண்டு முறைதான் என்ற வரம்பு 1951இல் வந்த 22ஆவது திருத்தத்தில்தான் எழுதப்பட்டது. என்னை உறுத்துவது நான்காம் தேர்தல். 1944 மார்ச் மாதத்தில் மருத்துவர்கள் அவருக்குக் கடும் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் இருப்பதைக் கண்டறிந்தார்கள். வாக்காளர்களிடம் அது மறைக்கப்பட்டது. துணை அதிபர் ட்ரூமனுக்கு அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் தெரிந்தது ரூஸ்வெல்ட் இறந்த பிறகுதான். தன் உடல்நிலையை அறிந்தும் வாரிசை இருட்டில் வைத்திருந்ததை, நான்கு முறை வென்றதைவிடப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

கேள்வி: ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர் மீது ஜப்பான் நடத்திய தாக்குதல் அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்கிறார்களே?

போர் வரும் என்பது தெரியும். 1941 நவம்பர் 27 அன்றே பசிபிக் தளபதிகளுக்கு எச்சரிக்கை போனது. இலக்கு ஹவாய் என்று அவர் அறிந்திருந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை. தென்கிழக்கு ஆசியாவையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியோடு போரிடச் சாக்குத் தேடினார் என்போர், டிசம்பர் 8 அன்று அவர் ஜப்பான்மீது மட்டுமே போர் கேட்டதையும், மூன்று நாள் கழித்து ஹிட்லர்தான் அமெரிக்காமீது போர் அறிவித்ததையும் விளக்க வேண்டும்.

கேள்வி: ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்ததை, போர்க்கால அச்சம் என்று மன்னிக்கலாமா?

முடியாது என்பதே என் பதில். 1942 பிப்ரவரி 19 அன்று கையெழுத்தான 9066ஆம் எண் ஆணையின் விளைவாக, மேற்குக் கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, தோட்டம் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டோ அப்படியே விட்டுவிட்டோ தொலைதூர முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்ற சமாதானம் இங்கே நிற்காது. அட்டர்னி ஜெனரல் பிரான்சிஸ் பிடில் எதிர்த்தார். கருணைக்குப் பெயர் பெறாத எஃப்.பி.ஐ. தலைவர் எட்கர் ஹூவர்கூட ஒட்டுமொத்த வெளியேற்றம் தேவையில்லை என்றார். குண்டு விழுந்த ஹவாயிலேயே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர் இருந்தார்கள். அங்கே ஒட்டுமொத்தமாக யாரையும் அடைக்கவில்லை, அடைத்திருந்தால் தீவின் பொருளாதாரமே நின்றிருக்கும். ஆகவே மாற்று வழி இருந்தது, அதைச் சொன்னவர்கள் அமைச்சரவையிலேயே இருந்தார்கள். 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

கேள்வி: நியூ டீல் கறுப்பின மக்களுக்குப் பயன்பட்டதா?

பயன்பட்டது, ஆனால் பந்தியின் கடைசியில்தான் அவர்களுக்கு இலை விழுந்தது. 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் சேர்க்கவில்லை. கறுப்பின உழைப்பாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இதனால் விடுபட்டார்கள். கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதற்கு எதிரான மசோதாவுக்கு ரூஸ்வெல்ட் முழு ஆதரவு தராததற்குக் காரணம் வெளிப்படையானது: அவருடைய மற்ற சட்டங்கள் தென்மாநிலச் செனட்டர்களின் கையில் இருந்தன. 1941 ஜூனில் ராணுவத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாட்டைத் தடை செய்யும் ஆணை வந்தது. ஃபிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர் வாஷிங்டனுக்குப் பேரணி கொண்டுவருவேன் என்று நாள் குறித்த பிறகு வந்தது.

கேள்வி: இந்திய விடுதலையை அவர் ஆதரித்தார் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு தூரம்?

சர்ச்சில் முகம் சுளிக்கும் வரை. 1941 ஆகஸ்டில் இருவரும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், மக்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பேசியது. அடுத்த மாதமே சர்ச்சில் அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்றார், ரூஸ்வெல்ட் பின்னர் அது உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்றார். 1942 ஏப்ரலில், இந்தியத் தலைவர்களோடு பேச பிரிட்டன் அனுப்பிய கிரிப்ஸ் தூது முறிந்தபோது, பேச்சைத் தொடரும்படி சர்ச்சிலுக்குக் கடுமையாகவே எழுதினார். மறுப்பு வந்தது, அத்துடன் நிறுத்திக்கொண்டார். ஆகஸ்டில் இந்தியக் காங்கிரஸ் கட்சித் தலைவர்கள் கைதானபோதும் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. அவருடைய தூதர் வில்லியம் பிலிப்ஸ் சிறையிலிருந்த காந்தியைப் பார்க்க அனுமதி கேட்டும் கிடைக்காமல் திரும்பி, ஆங்கிலேயர் விடுதலை குறித்து வாக்குறுதி தராவிட்டால் இந்தியர்கள் இந்தப் போரைத் தங்கள் போராக எண்ண மாட்டார்கள் என்று 1943இல் அறிக்கை கொடுத்தார். அதையும் படித்தார், கூட்டாளியை இழக்க அவர் தயாராக இல்லை.

வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு, 1944 ஏப்ரல் இறுதியில், ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல் வேண்டும் என்று அவரிடம் கேட்டவர் சர்ச்சிலே. ராணுவத் தேவையைக் காட்டி, தர இயலாது என்று ரூஸ்வெல்ட் ஜூன் 1 அன்று பதில் அனுப்பினார். நார்மண்டிக் கரையில் படைகள் இறங்க அப்போது ஐந்து நாள் இருந்தது.