ஒளிப்படக் கேள்வி பதில்: ஒரே மலையை ஓராண்டு பாருங்கள்

நிலக்காட்சிப் படங்கள் எடுக்க ஆசை. என்னிடம் கைபேசி மட்டுமே உள்ளது. முதலில் நல்ல கேமரா வாங்க வேண்டுமா, பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து ரயிலிலேயே சென்றுவிடக்கூடிய ராயக்கோட்டை மலையை ஓராண்டுக்கு உங்கள் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி எழுகின்ற சூரியன், ஆனி மாதத்தில் ஏறத்தாழ அதே அளவு வடக்கே தள்ளி எழுகிறது. அதனால் மார்கழிக் காலையில் நிழலில் கிடந்த பாறைமுகம் ஆனிக் காலையில் வெளிச்சத்தில் நிற்கும். பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் பாறையின் வெடிப்புகளும் மழைநீர் ஓடிய கறுப்புத் தடங்களும் புடைத்துத் தெரியும். உச்சிவெயிலில் அதே மலை தட்டையாகிவிடும். இதை நான் சொல்லி நீங்கள் அறிவதற்கும், நான்கைந்து முறை ஏமாந்து திரும்பிய பிறகு அறிவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

ஒரு சிறிய குறிப்பேட்டில் நாள், நேரம், நின்ற இடம் ஆகியவற்றோடு, எதைக் கண்டு அங்கே நின்றீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கைபேசியில் முதன்மை லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். விரலால் பெரிதாக்குவதைவிடப் பத்தடி நடப்பது மேல். படம் எடுக்குமுன் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். பனி மூட்டம் என்று பலர் நினைப்பது பெரும்பாலும் விரல் பிசுக்குதான்.

யாருடைய படங்களைப் பார்த்துக் கற்கலாம்? வெளிநாட்டு மலைகளைப் பார்த்து நம் ஊரை எப்படி எடுப்பது?
– வாசகி, காவேரிப்பட்டினம்

நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்கள் 200 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். 1792-ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்த அதே ஆண்டில், ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் இந்தப் பக்கத்து மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு சென்றார்கள். அவர்களுடைய ராயக்கோட்டை ஓவியத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். பிறகு வந்தவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த இவர், ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858-ல் தொகுதியாக வெளிவந்தன. ஓவியர் மலையை எவ்வளவு உயர்த்திக் காட்டியிருக்கிறார், ஒளிப்படக்காரர் முன்னால் கிடக்கும் வெற்று நிலத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நீங்களும் அங்கே போய் நில்லுங்கள். ஒருவருடைய படத்தை விரும்புவதற்கும் அவர் ஏன் அங்கே நின்றார் என்று கண்டுபிடிப்பதற்கும் இடையில்தான் கல்வி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உங்களுக்குப் பேருந்துக் கட்டணத்தில் கிடைக்கிறது.

கணினியில் படத்தைத் திருத்துவது ஏமாற்று வேலை அல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி

மேலே சொன்ன ட்ரைப் இதற்கும் விடை வைத்திருக்கிறார், ஐயா. அக்காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியை அளவு மீறிப் பதிந்துகொண்டதால், வானம் வெறும் வெள்ளையாக விழும்; மேகம் பதியாது. ட்ரைப் தம்முடைய பல நெகட்டிவ்களில் தூரிகையால் வண்ணம் பூசி மேகங்களை வருவித்தார். அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் ஒரு சிற்றூரின் மேல் நிலவு எழுவதை 1941-ல் எடுத்தார். பின்னாளில் அதை அச்சிட அச்சிட, அந்த வானத்தை மேலும் மேலும் இருட்டாக்கிக்கொண்டே போனார். இளமையில் பியானோ பயின்ற அவர், நெகட்டிவை இசைக்குறிப்போடும் பிரதியை வாசிப்போடும் ஒப்பிட்டவர். நமக்குச் சொல்வதென்றால், கீர்த்தனை ஒன்றுதான். பாடுகிறவர் தோறும், பாடுகிற வயது தோறும் அது வேறாகிறது. ஆனால் ராகத்தையே மாற்றிவிடக் கூடாது. அன்று இல்லாத மேகத்தை வேறொரு படத்திலிருந்து ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. ட்ரைப்புக்கு இருந்த கட்டாயம் இன்று நமக்கு இல்லை.

கேமராவில் ரா கோப்பாக, அதாவது கேமரா தானாகத் திருத்திச் சுருக்காத மூலப் பதிவாக, பதிவு செய்யுங்கள். முதலில் அடிவானத்தை நேராக்கி, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்து, பிறகு மிகு வெளிச்சப் பகுதிகளைத் தணித்து, நிழல்களைச் சற்றே திறந்துவிடுங்கள். நிறச்செறிவைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும் தொடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. மாந்தோப்பின் கரும்பச்சை கிளிப்பச்சையாக மாறியிருக்கும் படங்களை வாரந்தோறும் பார்த்து என் கண் சலித்துவிட்டது. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க விருப்பமில்லையென்றால் டார்க்டேபிள் இலவசமாகவே கிடைக்கிறது.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி அணைக்கு அப்பால் மங்கித் தெரிந்த குன்றுகளைத் தெளிவாக்க, மென்பொருளில் உள்ள மூட்டம் நீக்கும் கருவியை முழு அளவுக்குத் தள்ளினேன். திரையில் அழகாகத் தெரிந்த படத்தைப் பெரிதாக அச்சிட்டபோது, குன்றுகளின் விளிம்பெங்கும் வெள்ளைக் கோடு ஓடியது. அந்த மங்கல்தான் தூரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஒகேனக்கல்லில் அருவி வெறும் வெள்ளைப் பட்டையாக விழுகிறது. என்ன தவறு?
– வாசகர், பென்னாகரம்

கேமரா கரும்பாறையைப் பார்த்து வெளிச்சத்தைக் கணக்கிட்டுவிடுகிறது; நுரையின் விவரங்கள் எரிந்துபோகின்றன. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதபடி எக்ஸ்போஷரை ஒன்றிரண்டு படி குறையுங்கள். நீர் பட்டுப்போல வர வேண்டுமென்று எல்லோரும் பல நொடிகள் ஷட்டரைத் திறந்து வைக்கிறார்கள். காவிரியின் வேகம் தெரிய வேண்டுமானால் கால் நொடிக்கும் அரை நொடிக்கும் இடையே முயன்று பாருங்கள். அதற்கு முக்காலி கட்டாயம். பகலில், லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரும் வேண்டும். வெயில் பள்ளத்தில் இறங்குவதற்கு முன்போ, மேகம் மூடிய நாளிலோ போவது நல்லது. சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்குமாதலால் இரண்டு மூன்று துணிகளை எடுத்துச் செல்லுங்கள். வெள்ளக் காலத்தில் பரிசல் ஓடாது. அந்தச் செம்மண் நிறப் பெருக்கை அனுமதித்த இடத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

அஞ்செட்டிக் காட்டில் விடியலுக்கு முன் சென்று டிரோன் பறக்கவிடலாமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கூடாது. அது யானைகள் நடமாடும் காடு. சரணாலயப் பகுதிக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். பொதுச் சாலையோரத்திலிருந்து, விடிந்த பிறகு, துணையோடு எடுங்கள்.