பிசியா, பிஎஸ்5-ஆ: ஆகன் வரும் தம்பிக்கு

அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகரத்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க வரும் கோவைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்த கேமிங் பிசியைக் கொண்டு வரவா, விற்றுவிட்டு இங்கே பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோல் வாங்கவா? கூடவே குளிர் ஜாக்கெட் எங்கே வாங்குவது, எந்த கேம் நன்றாக இருக்கும் என்றும் கேள்வி. ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள், ஊரில் வாங்குவது இந்தக் குளிருக்குக் காணாது. கேம் உங்கள் இஷ்டம். மற்றதைப் பேசுவோம்.

பிசியை கேபினெட்டோடு கொண்டு வராதீர்கள் தம்பி. போன வருடம் ஒரு பையனை அழைத்து வர டுசல்டார்ஃப் ஏர்போர்ட் போயிருந்தேன். போர்வையில் சுற்றி, சுற்றிலும் துணி திணித்துத்தான் வைத்திருந்தான். அறைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் பக்கவாட்டுக் கண்ணாடி ஜவ்வரிசி ஜவ்வரிசியாக உதிர்ந்து கிடந்தது. கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டை விட்டுப் பாதி வெளியே தொங்கியது. அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடிப் பாக்கெட்டும் கிழிந்து, அதற்குள்ளும் கண்ணாடி. எதையும் சொல்லாமல் முதலில் பொடியைத்தான் குப்பையில் கொட்டினான். மனசு கேட்காவிட்டால் கார்டு, பிராசசர், ராம், எஸ்எஸ்டி இவற்றை மட்டும் கழற்றிக் கைப்பையில் கொண்டு வாருங்கள். கரண்ட் இங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. சீல் உடைக்காத புதுப் பொருளை இங்குள்ள சொந்தக்காரருக்காகத் தூக்கி வருவது தனிக் கதை. விமானத்தில் வருகிறவருக்கு 430 யூரோ வரைதான் வரி கிடையாது. அதற்கு மேல் இருந்தால், ஏர்போர்ட் சுங்கத்தில் காட்ட ஒன்றும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்கக் கூடாது.

இனி நான் சொல்ல வேண்டியது. பிஎஸ்5 வேண்டுமா என்பதை வீடு அமைந்த பிறகு பாருங்கள். விசாவுக்காகத் திறந்த பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ வரும். அதில்தான் வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம். பிஎஸ்5 வாங்கினால் ஒரு மாதப் பணத்தில் பாதிக்கு மேல் போய்விடும். போகட்டும், வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த இன்டர்நெட்டில் இணைப்பீர்கள்? ஹாஸ்டலில் எடுரோம் எனும் பல்கலைக்கழக வைஃபை மட்டும் இருந்தால் லேப்டாப் இணையும், பிஎஸ்5 இணையாது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கிற அந்த வகை வைஃபை கன்சோலுக்குத் தெரியாது. அறையில் இன்டர்நெட் கேபிள் செருகும் லேன் சாக்கெட் இருக்கிறதா என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேளுங்கள். புதிதாக வருகிற ஒருத்தரும் இதைக் கேட்பதில்லை. வந்து இறங்கியதும் இந்தியக் கடை எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

தனி வீடு என்றால் இன்டர்நெட் கனெக்‌ஷன் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். நான் வந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் டெக்னீஷியன் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் வருவார் என்றார்கள். லீவு போட்டு, ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். ஆள் வந்து போயிருக்கிறார், காலிங் பெல்லில் என் பெயர் இல்லை என்று திரும்பிவிட்டார். இங்கே ஃபிளாட்டுக்குப் பெரும்பாலும் நம்பர் கிடையாது, பெல்லிலும் தபால் பெட்டியிலும் உள்ள பெயர்தான் முகவரி. அன்று அரைகுறை ஜெர்மனில் போனில் திக்கித் திணறினேன். இன்றைக்கு அதே மாதிரி ஹாட்லைனில் நான் பேச ஆரம்பித்தால் எதிர்முனையில் இருப்பவர்தான் மேலதிகாரியைக் கூப்பிடுகிறார். பத்து வருடம் இருந்தும் "இங்கிலீஷ் பிளீஸ்" என்று தொடங்குகிற நம்மவர்களைக் கண்டால் எனக்கு ஆவதில்லை.

அதை விட முக்கியம், டாரன்ட். ஊரில் கிராக் செய்த கேம் இறக்குவதை யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. இங்கே தயவுசெய்து தொடாதீர்கள். டாரன்டில் நீங்கள் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருக்கிறீர்கள். கேம் உரிமையாளரின் ஆட்கள் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருந்து ஐபி முகவரிகளைக் குறித்துக்கொள்வார்கள். சில வாரம் கழித்து வக்கீல் அலுவலகத்திலிருந்து அப்மானுங் என்று ஒரு தடித்த கடிதம் வரும், பல நூறு யூரோ கேட்டு. அதுவும் கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. நான் இருந்த பகிர்வு வீட்டில் அப்படித்தான், பாவம், ஒரு ஜெர்மன் பெண்ணின் பெயரில் இருந்தது. இறக்கியவன் நம்ம ஊர்க்காரன். அந்த வாரம் சமையலறையில் அவள் முகத்தைப் பார்த்து ஒரு காபி போட எங்கள் யாருக்கும் துணிவில்லை. பணத்தை அவன் தவணையில் கட்டி முடித்தான். ஆனால் அதன் பிறகு வந்த இந்திய மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி டாரன்ட் பற்றித்தான்.

கணக்கு விஷயமும் இருக்கிறது. பிஎஸ்5-க்கு வேண்டிய பிஎஸ்என் கணக்கை இந்தியாவில் தொடங்கினால் அதன் நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. இங்கத்திய விலையில், இங்கத்திய கார்டில் வாங்கப் புதுக் கணக்குதான். பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளம் அப்படியில்லை. ஊர் மாறினால் நாட்டை மாற்றிக்கொள்ளலாம், வாங்கி வைத்த கேம்களும் கூடவே வரும். ஆன்லைனில் விளையாடத் தனிச் சந்தாவும் இல்லை. பிஎஸ்5-இல் காசு கொடுத்து வாங்கிய கேமுக்கும் ஆன்லைன் என்றால் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். அதனால்தான் ஏற்கெனவே ஸ்டீமில் நிறைய வைத்திருப்பவர் பிசியிலேயே இருப்பது நல்லது என்கிறேன். வேண்டிய கேமை ஊரில் இருக்கும்போதே ரூபாய் விலையில் வாங்கிவிடுங்கள், தப்பில்லை. ஆனால் இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு, விபிஎன் போட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் அப்பா கார்டில் கேம் வாங்குகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஸ்டீம் விதிப்படி அது கூடாது. கணக்கு முடங்கினால் மொத்த லைப்ரரியும் மாட்டிக்கொள்ளும். பத்து யூரோ மிச்சம் பிடித்ததை வைத்து பெர்லினில் வீடு வாங்கப் போகிறார்களா என்ன.

ஆக, படிப்புக்கு எப்படியும் லேப்டாப் வேண்டும். அதையே கிராபிக்ஸ் கார்டு உள்ளதாக ஊரில் வாங்கி வாருங்கள், பிசியை விற்றுவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடப்பதால் ராமுக்குத் தனியாக நல்ல விலை கேளுங்கள், மொத்தமாகத் தள்ளிவிடாதீர்கள். முதல் இரண்டு வருடத்தில் எத்தனை வீடு மாறுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு நண்பர்களின் பிசி டவரை நானும் சுமந்திருக்கிறேன், கைமாறாக ஒரு பீட்சா கிடைக்கும், அவ்வளவுதான். வேலை கிடைத்துச் சொந்த வாடகை வீடு வந்ததும் கன்சோல் ஆசை இருந்தால் கிளைன்அன்சைகன் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் பாருங்கள். நேரில் போய், டிவியில் போட்டுக் காட்டச் சொல்லி, கன்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கும் தானாக நகர்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். முன்பணம் அனுப்பு, பார்சல் போடுகிறேன் என்றால் வேண்டாம்.